காலேஜ் மனநல கவுன்சிலருக்கு யாரு சம்பளம் குடுப்பா?

2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிடுச்சு, நூறு பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற காலேஜ், கோச்சிங் சென்டர் எதுவா இருந்தாலும் முறையா படிச்ச கவுன்சிலரோ சைக்காலஜிஸ்டோ சோஷியல் ஒர்க்கரோ ஒருத்தராவது இருக்கணும்னு. விசாகப்பட்டினத்துல நீட்டுக்குப் படிச்சிட்டிருந்த 17 வயசுப் பொண்ணு இறந்துபோன கேஸ்ல வந்த தீர்ப்பு. ரொம்ப சரி, ஆனா அந்த ஒருத்தருக்கு சம்பளம் அரசாங்கம்தான ஒதுக்கணும்?

நான் வேலை பாக்குற அரசு கலைக் கல்லூரில பாடம் நடத்தவே பாதிப் பேர் கெஸ்ட் லெக்சரர், மாசம் 25,000 ரூபா, அதுவும் மே மாசம் கிடையாது, இதுல கவுன்சிலர் போஸ்டிங்கெல்லாம் எங்க இருக்கு? அதனால சைக்காலஜிக்கு சம்பந்தமே இல்லாத ஒரு மேடத்தை கவுன்சிலிங் செல் பொறுப்புல போட்டிருக்காங்க. பாவம், கிளாஸ், நாக் (காலேஜ் தர மதிப்பீடு) வேலை, எக்ஸாம் டியூட்டி எல்லாத்துக்கும் நடுவுல அவங்க என்னதான் பண்ணுவாங்க. ரூம் ஸ்டாஃப் ரூமுக்கு நேர் எதிர்ல. உள்ள மேஜை மேல ஒரு நீள ரெஜிஸ்டர், பேரு, டிபார்ட்மெண்ட், பிரச்சனைன்னு ஸ்கேல் வெச்சு கோடு போட்டிருக்கு. எந்தப் புள்ள அதுல எழுதும்?

14416 இருக்கேன்னு கேப்பீங்க. டெலி மானஸ்ங்கிற மத்திய அரசோட மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், நானே பசங்களுக்கு அந்த நம்பரைக் குடுக்குறேன். ஆனா எங்க பசங்கள்ல நிறைய பேருக்கு ஒரே ரூம் வீடு, ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போயிட்டு காலைல பஸ் புடிச்சு வர்ற பையன் எங்க தனியா நின்னு போன்ல அழுவான்? அந்தத் திட்டத்துக்கே மத்திய பட்ஜெட்ல 2023-24ல சுமார் 134 கோடி ஒதுக்கினாங்க, அடுத்த வருஷம் 90 கோடி ஆயிடுச்சு. 2022ல மட்டும் நாட்டுல 13,000 ஸ்டூடண்ட்ஸுக்கு மேல தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட (என்சிஆர்பி) கணக்கு சொல்லுது, அப்புறமும் குறைச்சா எப்படிங்க?

மெடிக்கல் காலேஜ்கள்ல 'மனம்'னு மாநில அரசு ஒரு மனநலத் திட்டம் கொண்டு வந்துச்சு, நல்லது, ஆனா அங்க சைக்யாட்ரி டிபார்ட்மெண்டே பக்கத்துல இருக்கு. எங்களுக்கு யாரு இருக்கா?

எம்எஸ்டபிள்யூ (சோஷியல் ஒர்க்), எம்எஸ்சி சைக்காலஜி முடிச்சுட்டு வேலை தேடுறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. ஆரம்பத்துல ரெண்டு காலேஜுக்கு ஒருத்தர்னாகூடப் பரவால்ல. ஆனா சட்டசபைல வைக்கிற உயர்கல்வித் துறை மானியக் கோரிக்கைல இதுக்குன்னு தனியா நிதி ஒதுக்கணும், அதுவும் கௌரவ ஊதியம்னு இழுக்காம நிரந்தரப் பணியிடமா போடணும், ஏன்னா ஒரு பையன் ஒருத்தரை நம்பி வாயைத் திறக்கவே ஒரு செமஸ்டர் ஆகும், அதுக்குள்ள அவரோட கான்ட்ராக்ட் முடிஞ்சிடக் கூடாது.