கிரேட் கில்ட் கட்டிப் பழகுறேன்: மூணாவது வாரம்

ஸ்காட்லாந்துல இன்வர்னெஸ்ல இருந்து எழுதுறேன். இங்க கல்யாணம் காட்சின்னா ஆம்பளைங்க பாவாடை மாதிரி இடுப்புல போட்டுட்டு வர்ற கில்ட் தையல்காரர் தச்சுக் குடுக்குறது, பக்கிள் மாட்டுனா முடிஞ்சுது. எனக்கு ஆசை அதுக்கு முந்தின பெரிய கில்ட் மேல, இங்கத்த பழைய மொழியான கேலிக்ல ஃபேலெ மோர்னு சொல்றது. வெட்டித் தைக்காத ஒரே நீளத் துணி, ஒரு பெல்ட், ஒரு பின், அவ்வளவுதான். அந்தக் காலத்துத் தறியில அகலம் பத்தாதுன்னு ரெண்டு துண்டை நீளவாக்குல சேர்த்துத் தச்சுக்குவாங்க, நான் டபுள் அகலத்துலயே நாலரை கஜம் பிளாக் வாட்ச் டார்டன் (ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி) வாங்கிட்டேன், கஜத்துக்கு 13 அவுன்ஸ் கம்பளி, மொத்தம் ஒண்ணரை கிலோவுக்கு மேல வருது.

முதல் தடவை கட்டில் மேல விரிச்சு மடிச்சேன், மெத்தை அமுங்கி கொசுவம் எல்லாம் குலைஞ்சு போச்சு. தரைதான் சரி. முதல்ல பெல்ட்டை நீட்டி வைக்கணும், அது மேல துணி, பெல்ட்டுல இருந்து கீழ் விளிம்பு வரைக்கும் நம்ம இடுப்புல இருந்து முட்டி நடு வரைக்கும் என்ன அளவோ அது, எனக்கு 23 இன்ச். ரெண்டு ஓரத்துலயும் 18 இன்ச் மடிக்காம விட்டுட்டு நடுவுல இருக்குற 126 இன்ச்சையும் கொசுவமாக்கி 17 இன்ச்சுக்குள்ள கொண்டு வரணும். என் துணியில கட்டம் 6 இன்ச்சுக்கு ஒருக்கா திரும்பி வருது, ஒவ்வொரு மடிப்புலயும் அதே கோடு மேல வர்ற மாதிரி மடிச்சா 21 கொசுவம், அளவெடுக்கவே வேணாம், கோடே கணக்கு சொல்லிடும். இது புரியவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு, புரிஞ்சதும் 40 நிமிஷ வேலை 12 நிமிஷமாச்சு.

அப்புறம் அது மேல மல்லாக்கப் படுத்து, வலது ஓரத்தை முதல்ல போட்டு அது மேல இடது ஓரத்தைப் போட்டு பெல்ட்டை இறுக்கி எந்திரிக்கணும். எந்திரிக்கும்போது பின்னாடி நழுவுறதுதான் இன்னும் சரியாகல.

ஆனா உண்மையான வேலை மேல்பாதியிலதான் இருக்கு. எந்திரிச்சதும் மிச்சத் துணி பெல்ட்டுக்கு மேல மடிஞ்சு கீழ தொங்கும், முன்பக்க ரெண்டு மூலையையும் பெல்ட்டுல சொருகுனா ரெண்டு பை மாதிரி ஆகிடுது, பின்பக்கத்தைத் தூக்கி இடது தோள்ல பின் பண்ணணும், வாள் பிடிக்கிற வலது கை ஃப்ரீயா இருக்கணும்ல. சனிக்கிழமை நெஸ் ஆத்தோரம் நடக்கும்போது மழை பிடிச்சுது, பின்னைக் கழட்டி தலைக்கு மேல இழுத்துப் போர்த்திக்கிட்டேன், அரை மணி நேரம் உள்ள நனையவே இல்ல. ராத்திரி பெல்ட்டை அவுத்தா இதுவே போர்வை. இப்போ போடுற சின்ன கில்ட்ல போனது இந்தப் பாதிதான், எனக்கு அது பெரிய இழப்பாத்தான் படுது.

இங்கருந்து பக்கத்துலதான் கல்லோடன், ஸ்காட்லாந்தோட மலைப்பகுதியான ஹைலேண்ட்ல இருந்து வந்த கலகக்காரங்க அரசாங்கப் படைகிட்ட தோத்த போர்க்களம். 1746ல அந்தப் போர் முடிஞ்ச கையோட வந்த சட்டத்துல ஸ்காட்லாந்துல ஆம்பளைங்க, பசங்க யாரும் இதைக் கட்டக் கூடாதுன்னு ஆச்சு, பட்டாளத்துல இருக்குறவங்களுக்கு மட்டும் விலக்கு. முதல் தடவை மாட்டுனா 6 மாசம் ஜெயில், மறுபடி மாட்டுனா 7 வருஷம் கடல் கடத்திடுவாங்க. 1782 வரைக்கும் இருந்துச்சு. பிளாக் வாட்ச், பிரிட்டிஷ் பட்டாளத்துல இருந்த ஹைலேண்ட் ரெஜிமெண்ட்டோட டார்டன், அதனால அந்தத் தடைக் காலத்துலயும் பட்டாளத்துக்காக டார்டன் தறியில இருந்திருக்கு, மடிக்கும்போது அது ஞாபகத்துக்கு வந்துட்டே இருக்கு.

அடுத்து, பழைய துணி சிலதுல இருக்குற மாதிரி உள்பக்கம் கொசுவத்துக்கு ஒரு கண்ணி வச்சுத் தச்சு கயிறு கோத்துப் பார்க்கப் போறேன். கயித்தை இழுத்தா நின்னுக்கிட்டே கட்டிடலாம், படுக்க வேண்டியதில்ல. கண்ணி 9 தச்சாச்சு, இன்னும் 12 பாக்கி.