என்ஜிசி 3242: பொள்ளாச்சி எல்லையில் ஒரு கோள் நெபுலா

கோள் நெபுலா (சாகும் நட்சத்திரம் உதறிய வாயுக்கூடு) என்றாலே முதலில் கைகாட்டுவது எம்57, அந்த வளைய நெபுலாவைத்தான். பொள்ளாச்சி எல்லையிலுள்ள கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் அது சரிப்படாது. முன்னிரவில் அது உச்சிக்கு வரும் ஆகஸ்டில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகமும் காற்றும் ஓயாது. மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கிவிடும். அப்போதைக்கு ஏற்றது ஹைட்ரா விண்மீன் கூட்டத்தில் உள்ள என்ஜிசி 3242, 1785-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது. மார்ச் கடைசியில் இரவு பத்து மணிக்கு மேல் தெற்கே 61 டிகிரி உயரத்தில் நிற்கும்.

மியூ ஹைட்ரே நட்சத்திரத்திலிருந்து இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே இறங்க வேண்டும். எட்டு இஞ்ச் டாப்சோனியனில் (கையால் திருப்பும் எளிய தொலைநோக்கி) 25 மிமீ ஐபீஸ் (கண்ணருகு லென்ஸ்) போட்டால் 48 மடங்கு. ஓரம் கலங்கிய நட்சத்திரம் போலத் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் ஓ-3 ஃபில்டரைக் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே நீட்டி நீட்டி எடுங்கள். நட்சத்திரங்கள் மங்கும், நெபுலா அப்படியே நிற்கும். அதன் ஒளியில் பெரும்பங்கு 495.9, 500.7 நானோமீட்டர் என்ற இரண்டு ஆக்சிஜன் கோடுகளில் இருப்பதுதான் காரணம். பிறகு தயங்காமல் 6 மிமீ ஐபீஸுக்கு, 200 மடங்குக்குப் போகலாம். அளவு 40 ஆர்க்செகண்ட்தான் (ஒரு டிகிரியில் 3600 ஆர்க்செகண்ட்), ஆனால் பளிச்சென்று இருப்பதால் தாங்கும். நேராகப் பார்த்தால் நீலப்பச்சை. கடைக்கண்ணால் பார்த்தால் நிறம் போய் வெளி ஒளிவட்டம் விரியும். அந்த மாற்றம் அவ்வளவு அழகு.

படத்துக்கு டாப்சோனியன் உதவாது. அது வானச் சுழற்சியைத் தொடராது, அரை நொடியிலேயே ஏழு ஆர்க்செகண்ட் நழுவிவிடும். நான் சொல்வது ஆறு இஞ்ச், 750 மிமீ நியூட்டோனியன் தொலைநோக்கி, இருமடங்கு பார்லோ (படத்தைப் பெரிதாக்கும் லென்ஸ்), டிஎஸ்எல்ஆர் கேமரா, இக்யூ5 மவுண்ட் (வானத்தோடு சுழலும் தாங்கி). இதில் நெபுலா சுமார் 70 பிக்சல் அகலம் வரும்.

பெரிய தொல்லை மவுண்டில்தான். அதன் அச்சு வான துருவத்தை நோக்க வேண்டும். இங்கே துருவ நட்சத்திரம் பத்தரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும், தென்னந்தோப்பு மறைத்துவிடும். அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால் எடைக்கட்டை வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி ஒரு கால் தெற்கே வருமாறு வைத்தால் இடிக்காது. ஆனால் பாரம் வடக்கே சாயும், அதனால் தட்டில் இரண்டு செங்கல் வைக்க வேண்டும். அச்சைச் சரிசெய்ய, நட்சத்திரம் நழுவும் திசையைப் பார்த்துத் திருத்தும் நழுவல் முறைதான் வழி. உச்சிக்கோட்டில் (தலைக்கு மேல் செல்லும் வடக்கு-தெற்குக் கோடு), வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அடுத்துக் கிழக்கே தாழ்வாக உள்ள ஒன்று: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் ஏறியிருக்கிறது. ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கும் வரை விடாதீர்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

ஐஎஸ்ஓ 1600-இல் மையத்துக்கு 10 நொடிப் படம் 150, வெளி ஒளிவட்டத்துக்கு 30 நொடிப் படம் 60. முப்பது நொடிப் படங்களில் பாதிக்கு மேல் நட்சத்திரம் கோடாகிவிடும். மவுண்டைச் சுழற்றும் வார்ம் கியரின் பிழை அது. ஒரு நிமிடம் வைத்தால் மையம் வெளுத்துவிடுகிறது. ஆக்சிஜன் கோடுகள் நீலத்திலும் பச்சையிலும் பதிவதால் கேமராவைப் பிரித்து மாற்ற வேண்டியதில்லை.

ஏப்ரல் புழுக்கத்தில் சென்சாரில் புள்ளி மொய்க்கும். அதைக் கழிக்க எடுக்கும் டார்க் படங்களை (மூடி போட்ட இருட்டுப் படங்கள்) மறுநாள் வீட்டுக்குள் எடுத்தால் வெப்பநிலை பொருந்தாது. களத்திலேயே, மூடியைப் போட்டு இருபது எடுக்க வேண்டும். தோப்பில் தண்ணீர் பாய்ச்சிய இரவென்றால் பனி இறங்கும். கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டிக் குழாய் வாயில் மாட்டினால் போதும்.

அடுத்தது வேலா விண்மீன் கூட்டத்தில் உள்ள இன்னொரு கோள் நெபுலா, என்ஜிசி 3132. உச்சியிலும் 39 டிகிரிதான், ஆகவே தெற்கே மரமில்லாத களமாகப் பார்க்க வேண்டும்.