பழகிவிடும் என்று சொன்னேன்

"பழகிவிடும் ஐயா" என்று சொன்னபோது நான் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய குதிரை வெள்ளச்சியின் இடது முன்னங்குளம்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தேன். நிமிர்ந்து அவரைப் பார்த்துப் பேசியிருந்தால் அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்திருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

முன்னங்கால் லாடங்களைக் கழற்றி அன்றைக்கு 21 நாள். முந்தின நாள் அவள் தண்ணீர்த் தொட்டிவரை நடந்து வரவில்லை. பெரியவர் வாளியில் சுமந்துபோய்க் கொடுத்திருக்கிறார். "தம்பி, லாடத்தைத் திரும்ப அடித்துவிடுங்கள்" என்றார். குளம்பு மேலே மயிர் முடிகிற இடத்திலிருந்து வளர்ந்து தரையைத் தொட 9 மாதமாவது ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம், அதற்குள் உள்ளங்கால் தடித்துவிடும், பழகிவிடும் என்றேன். அவர் அவளுடைய பிடரியைக் கோதிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "22 வயதுக்காரியிடம் ஒரு வருடம் கேட்கிறீர்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. குளம்புக்கு மாட்டும் ரப்பர்க் காலணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் கேட்டது காலணியைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

லாடத்தைக் கழற்றும் யோசனை என்னுடையதுதான். இப்போதும் அது தவறான யோசனை என்று நான் நினைக்கவில்லை. ஆணி அடித்து அடித்து அவளுடைய குளம்புச் சுவர் பொரிந்து போயிருந்தது. ஒவ்வொரு ஆறு வாரத்துக்கும் ஆணி பிடிக்க நல்ல இடம் தேடித் தடவுவேன். இரண்டு முறை லாடம் தானாகவே கழன்று, சுவரில் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. குதிகால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி ஒடுங்கிவிட்டன; நடுவே முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதி தரையைத் தொட்டே பல வருடம் இருக்கும். இவை போக, மூட்டுவாதம். ஒரு காலைத் தூக்கிப் பிடித்தால் மற்ற மூன்றிலும் உடலைச் சுமந்து நிற்க அவளால் முடியவில்லை. சுத்தியல் விழும் ஒவ்வொரு முறையும் தோள் நடுங்கும். சவாரியை விட்டும் இரண்டு வருடம் ஆகிவிட்டது. புல்வெளியில் நின்று வயதைக் கழிக்கப்போகிறவளுக்கு இரும்பு எதற்கு என்று கேட்டேன். பெரியவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

அவசரப்படவில்லை என்பதையும் சொல்லிக்கொள்ள வேண்டும். முதலில் பின்னங்கால்கள். குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. அதனால் பாரம் குறைந்த பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஆணியின் மடக்கிய நுனிகளை ஒவ்வொன்றாக அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, லாடத்தைக் குதிகால் பக்கமிருந்து மெல்ல நெம்பிக் கழற்றினேன். உள்ளங்காலில் கத்தி படவே இல்லை. அவளுக்கு இருந்த கொஞ்சத் தடிப்பையும் சீவிவிட எனக்கு மனம் வரவில்லை. பின்னங்கால்கள் ஆறு வாரத்தில் நன்றாகவே தேறின. அதற்குப் பிறகுதான் முன்னங்கால்கள். இதையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது நான் செய்தது சரி என்று படுகிறது. அந்த எண்ணம் 21ஆம் நாள் வரைதான் வருகிறது. அங்கே நின்றுவிடுகிறது.

ஏனென்றால் அன்றைக்கு அவளுடைய கணுக்காலில் நாடி பார்த்தேன். பின்பக்கம் இருபுறமும் விரல் வைத்தால், நலமாக இருக்கிற குதிரையில் நாடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவளிடம் தேட வேண்டியிருக்கவில்லை. விரலடியில் தட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய உள்ளங்கால், கடினமான தரை, சற்று நொந்திருக்கும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பெரியவரிடம் சொல்லவில்லை. இன்னொன்றையும் பார்த்தேன். மற்றக் குதிரைகளெல்லாம் பழைய மயிரை உதிர்த்துப் பளபளவென்று நின்றபோது அவளுக்கு மட்டும் வயிற்றடியிலும் கால்களிலும் நீண்ட மயிர் அப்படியே இருந்தது. கிழம், மெதுவாகத்தான் உதிரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைப் பற்றி எனக்குத் தெரியாததா? பிறக்கும்போது கறுப்பாக இருந்து வயது ஏற ஏற வெளுக்கும் இனம். பெரியவர் கைக்கு நான்கு வயதில் வந்தபோது சாம்பல் நிறத்தில் இருந்தாளாம். வெள்ளச்சி என்று அப்போதே பெயர் வைத்துவிட்டு, அவள் வெளுக்கும்வரை காத்திருந்ததாகச் சொல்லுவார். காத்திருக்கத் தெரியாத மனிதர் இல்லை அவர். லாடத்தைத் திரும்ப அடிக்கச் சொன்னது பொறுமை இல்லாமல் இல்லை.

ஏழாவது வாரம் கால்நடை மருத்துவர் மூட்டுவலிக்காக வந்தவர், மயிரைப் பார்த்ததும் ரத்தம் எடுத்தார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு. வயதான குதிரைகளுக்கு வருவது. அவளுக்கு இன்சுலினும் ஏறியிருந்தது. இன்சுலின் அப்படி ஏறினால் குளம்பின் சுவரை உள்ளெலும்போடு பிடித்துவைத்திருக்கும் மடிப்புகள் தளர்ந்து புண்படும். லேமினைட்டிஸ் என்கிற குளம்பழற்சி. ஆரம்ப நிலைதான், எலும்பு இன்னும் இடம்விட்டு நகரவில்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். தினமும் பெர்கோலைடு மாத்திரை. தானியத்தை நிறுத்த வேண்டும். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை இறங்கிய பிறகே போட வேண்டும்.

அவள் தேறினாள். மூன்றாவது மாதம் கால் வைக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொட்டது. குளம்பின் பின்பகுதி நோகும் குதிரை முன்நுனியை முதலில் ஊன்றும்; அது மாறியதைப் பார்த்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை எழுதத் தெரியவில்லை. ஆனால் நான் அந்த நான்கு வாரங்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்த நாட்களில் அவள் பட்ட வலி, வெறுங்காலுக்குப் பழகும் வலி இல்லை. அது ஒரு நோய். நான் அதன்மேல் 'பழகிவிடும்' என்ற சொல்லைப் போட்டு மூடிவைத்தேன்.

என் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு, அதையும் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். நோய் லாடம் கழற்றியதால் வந்ததில்லை. லாடம் உள்ளங்காலைத் தரையிலிருந்து சற்று உயர்த்திப் பிடிக்கிறது, கல் படாமல் காக்கிறது. அவள் லாடத்தோடே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சகாலம் சாதாரணமாக நடந்திருப்பாள். நோயும் கொஞ்சகாலம் வெளியே தெரியாமல் முற்றியிருக்கும். கழற்றியதால்தான் அது தெரிய வந்தது. இதைப் பெரியவரிடமும் சொன்னேன். அவரே ஒருநாள் பேச்சை எடுத்தார்: "லாடம் இருந்திருந்தால் வலி இருந்திருக்காது இல்லையா தம்பி?"

"வலி தெரிந்திருக்காது ஐயா."

"யாருக்கு?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. உண்மையிலேயே கேட்டார். அவளுக்கா, நமக்கா? அவளுக்குக் கொஞ்சம் குறைவாக வலித்திருக்கலாம். நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது. இரண்டில் எது மேல் என்று அவள் சார்பில் நான் எப்படிச் சொல்வது?

இதைவிட என்னை அலைக்கழிப்பது அந்த வளையங்கள். குளம்பழற்சி வந்துபோன குளம்பில் சுவரைச் சுற்றி வளையங்கள் விழும். முன்நுனியில் வளர்ச்சி குறைந்து, குதிகாலில் அதைவிட வேகமாக வளர்வதால், அந்த வளையங்கள் முன்னால் நெருங்கியும் பின்னால் அகன்றும் இருக்கும். தெரிந்தவன் கண்ணுக்குத் தப்பாது. மருத்துவர் என்னிடம் கேட்டார்: "இதற்கு முன்னால் இப்படி வளையம் ஏதாவது பார்த்தீர்களா?" இல்லை என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைவு வந்தது. ஒவ்வொரு முறை லாடம் அடித்து முடித்ததும் சுவரை அரத்தால் வழித்து மழமழவென்று ஆக்கிவிடுவேன். ஆணி நுனிகளைச் சமப்படுத்தும்போது கூடவே மேடுபள்ளமும் போய்விடும். பார்க்க அழகாக இருக்கும்; பெரியவருக்கும் பிடிக்கும். கடைசி வருடம் அரம் சற்று அதிகம் தேய்க்க வேண்டியிருந்ததோ? கையில் அந்த நினைவு இருப்பது போலவும் இருக்கிறது, இப்போது நானே உண்டாக்கிக்கொண்டது போலவும் இருக்கிறது. அவளுடைய குளம்பு எனக்கு எழுதிக்காட்டியதை நானே அழித்திருக்கலாம். மருத்துவரைத் திரும்ப அழைத்து இதைச் சொன்னேன். "எல்லோரும் செய்வதுதானே" என்றார். ஆறுதலாகச் சொன்னார். ஆறுதலாக இல்லை.

15 வயதைத் தாண்டிய எந்தக் குதிரைக்கும் ரத்தம் பார்க்காமல் லாடத்தைக் கழற்றுவதில்லை என்று அதன் பிறகு முடிவெடுத்தேன். நல்ல முடிவு என்றே நம்புகிறேன். ஆனால் போன மாதம் 19 வயதுக் குதிரை ஒன்றுக்குக் கழற்றினேன். உரிமையாளர் பரிசோதனைக்குத் தயங்கினார். குதிரையின் மயிர் ஒழுங்காக உதிர்ந்திருந்தது, நாடி அமைதியாக இருந்தது, சுவரில் ஆணிக்கு இடமே இல்லை. கழற்றாமல் விட்டாலும் அதற்குத் தொல்லைதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை போய்க் கணுக்காலில் விரல் வைத்துவிட்டு வருகிறேன். நான் வருவதைப் பார்த்தாலே அவர்களுக்குச் சலிப்பு. பழகிவிடும் என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதால் அந்தக் குதிரைக்கு என்ன பயன் என்பதும் விளங்கவில்லை.

வெள்ளச்சிக்கு இப்போது 23. புல்லில் தாராளமாக நடக்கிறாள். ஒருநாள் நாலுகால் பாய்ச்சலில் கொஞ்சதூரம் ஓடியதாகப் பெரியவர் சொன்னார். சரளைக்கல் கிடக்கும் பாதையை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறாள். அது கடைசிவரை அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். குதிகால்கள் அகன்றிருக்கின்றன. மூட்டு நோகாமலிருக்கக் காலை அதிகம் உயர்த்தாமல், தரையை ஒட்டிப் பிடித்தே சீவுகிறேன். நடுவில் இரண்டு முறை கீழே வைத்து ஓய்வு கொடுக்கிறேன்.

அந்த வாரங்களின் வளையம் அவளுடைய முன்னங்குளம்புகளில் இறங்கிக்கொண்டே வருகிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான் போகும்போதெல்லாம் பெரியவர் குனிந்து அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறார், எதுவும் சொல்வதில்லை. சுவரை வழிப்பதை நான் நிறுத்திவிட்டேன். இப்போது தரைக்கு ஒரு விரல் அகலம் மேலே இருக்கிறது. அடுத்த முறையோ, அதற்கடுத்த முறையோ குறடுக்கு எட்டிவிடும்.