வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம்

எங்கட பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுங்கோ எண்டு கேட்டவை, விளையாட்டுப்போட்டி பரிசளிப்பு விழா பற்றி மற்றாக்கள் எழுதுவினம்தானே, நான் வகுப்பு மாணவர் மன்றத்தைப் பற்றி எழுதுறன்.

பிறிஃபெக்ட், அதாவது மாணவ தலைவர், தெரிவு எண்டால் பெயரெல்லாம் ஸ்ராஃப் ரூமிலயே முடிவாகிடும், நாங்கள் அசெம்பிளியில கை தட்டுறதோட சரி. மன்றம் வேற மாதிரி. தலைவர், செயலாளர், பொருளாளர் மூண்டு பேரையும் நாங்களே முன்மொழிஞ்சு வழிமொழிஞ்சு கை உயர்த்தித் தெரிவு செய்வம், ரீச்சர் பின் வாங்கில போய் இருந்திடுவா, ஏதும் கதைக்கிறதெண்டால் அவவும் தலைவரிட்ட அனுமதி கேக்கவேணும். பாட்டு, பேச்சு, விடுகதை எல்லாம் இருந்தது, ஆனா எனக்கு மனசில நிக்கிறது போன கூட்ட அறிக்கை வாசிக்கிறதுதான். ஒருக்கா ஒருத்தி எழும்பி "நான் அப்பிடிச் சொல்லேல்ல, திருத்துங்கோ" எண்டாள். பிந்தி வாறவைக்குத் தண்டனை வேணும் எண்டு அவள் சொன்னதா எழுதியிருந்தது, அவள் சொன்னது முதல்ல காரணத்தைக் கேளுங்கோ எண்டு. செயலாளர் ரீச்சரைப் பார்க்க ரீச்சர் தலைவரைக் காட்டினா. திருத்தித்தான் அறிக்கை ஏற்றது. அண்டைக்கு வோட்டில தோத்தது அவள்தான், எண்டாலும் அவள் சொன்னது சொன்னபடி கொப்பியில இருந்தது.

இதுமாதிரித்தான், போலந்தின்ர வார்சோவில யானுஸ் கொர்ச்சாக் எண்ட டொக்டர் 1912 இல இருந்து நடத்தின அநாதைப் பிள்ளையள் இல்லத்தில பிள்ளையளே நீதிபதியா இருக்கிற ஒரு நீதிமன்றம் இருந்தது, பெரியாக்கள்மேலயும் வழக்கு வைக்கலாம், அவரே அதுக்கு முன்னால நிண்டிருக்கிறார். அதின்ர சட்டக்கோவையில முதல் 99 பிரிவும் விடுதலை, மன்னிப்பு எண்டுதான் போகும்! 1989 இல வந்த ஐநா சிறுவர் உரிமைச் சமவாயத்தின்ர 12ஆம் உறுப்புரையும் பிள்ளை தன்னைப் பாதிக்கிற விசயத்தில கருத்துச் சொல்லலாம் எண்டதோட நிக்கேல்ல, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மாதிரி அதுக்கு மதிப்புக் குடுக்கவேணும் எண்டுது.

இங்க மகளின்ர பள்ளிக்கூடத்தில ஸ்ருடண்ட் கவுன்சில் இருக்கு, எலெக்‌ஷன் போஸ்ரர் எல்லாம் கலாதியா இருக்கும், பிறகு பார்த்தால் குப்பைத்தொட்டிக்கு என்ன நிறம் அடிக்கிறது எண்டுதான் கேப்பினம், ஹோம்வேர்க், நேரசூசி, தண்டனை ஒண்டும் மேசைக்கு வராது. அப்பிடி வோட் போட்டுப் பழகிற பிள்ளை வோட்டால ஒண்டும் மாறாது எண்டதைத்தான் படிக்கும்.

எங்கட சங்கப் பொதுக்கூட்டம் மட்டும் திறமோ, "வாசிச்சதா எடுப்பம், சாப்பாடு ஆறுது" எண்டு அறிக்கையைத் தள்ளிவிடுறம். அடுத்த முறை முழுக்க வாசிக்கவேணும் எண்டு நான் முன்மொழியிறன், வழிமொழிய ஒராள் வேணும்.