நான்கு பவுண்டுக்கு ஒரு கல்மேசை: ஏ66 சாலையில் ஒரு நாள்

வொர்க்கிங்டனில் காலை ஏழு மணிக்குக் காரைக் கிளப்பியபோது ஐரிஷ் கடல் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. மார்ச் மாதக் கடைசி வாரம். இங்கிலாந்தை மேற்கிலிருந்து கிழக்காகக் குறுக்கே கடந்து, டீஸ் ஆறு வட கடலைச் சேரும் பக்கம் இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்பது திட்டம். ஏ66 என்னும் இந்தச் சாலையின் நீளம் சுமார் 185 கிலோமீட்டர்தான். நிற்காமல் ஓட்டினால் காலைப் பொழுதிலேயே முடிந்துவிடும். நாங்கள் ஒரு முழு நாளை அதற்காக ஒதுக்கியிருந்தோம். காரணம் என் மனைவி. பென்ரித்தைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு தூண் நிற்கிறது, அதைப் பார்க்காமல் போகக் கூடாது என்று பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வொர்க்கிங்டன் இரும்பு ஊர். 2006 வரை இங்கே ரயில் தண்டவாளங்கள் செய்தார்கள். மறுமுனையில் இருக்கும் மிடில்ஸ்பரோவும் இரும்பால் வளர்ந்த ஊர்தான். இரண்டு உலைக்கள ஊர்களுக்கும் நடுவே ஏரிகள், ஆட்டு மேய்ச்சல் நிலங்கள், பென்னைன் மலைத்தொடர்.

ஏரிப் பகுதியைப் பற்றித் தமிழில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதனால் அங்கே அதிகம் நிற்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பாசன்த்வெயிட் ஏரிக் கரையில் கார் போகிற தடம் ஒரு காலத்தில் ரயில் போன தடம். 1960-களில் ரயிலை நிறுத்தினார்கள், அந்தப் படுகையின் மேல் சாலை வந்தது. தண்ணீரை அவ்வளவு ஒட்டிப் போவதற்கு அதுதான் காரணம். கெஸ்விக்கைத் தாண்டியதும் இடது பக்கம் பிளென்கத்ரா மலை எழுந்து நின்றது. 868 மீட்டர். உச்சியில் பழைய பனி கோடுகோடாக ஒட்டியிருந்தது.

பென்ரித் அருகே எம்6 நெடுஞ்சாலையைக் கடந்த பிறகு கொஞ்ச தூரத்தில் புரூம் கோட்டை. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எப்படி வாசித்தாலும் ஊர்க்காரர்கள் சொல்வது ‘புரூம்’ என்றுதான். அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவில் அந்தத் தூண். எண்கோணக் கல்தண்டின் மேல் ஒரு சதுரக் கல், அதன் முகங்களில் சூரிய கடிகாரங்கள், வண்ணம் தீட்டிய குலச் சின்னங்கள், எல்லாவற்றுக்கும் மேலே கூம்பாக ஒரு முடி. ‘கவுன்டஸ் தூண்’ என்று பெயர். லாரிகள் வீசியடித்துக்கொண்டு போகிற சாலையை ஒட்டியே நிற்கிறது.

இதை நட்டவர் ஆன் கிளிஃபோர்ட், கவுன்டஸ் என்ற பட்டம் கொண்ட சீமாட்டி. 1590-இல் பிறந்தவர். இவருடைய தந்தை 1605-இல் இறந்தபோது, வடக்கே இருந்த கோட்டைகளையும் நிலங்களையும் ஒரே மகளுக்கு விடாமல் தன் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டார். தாய் மார்கரெட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மகளின் உரிமைக்காகக் கடைசிவரை வழக்காடினார். ஆனின் கணவரும், பிறகு அரசர் ஜேம்ஸுமே பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடு என்று நெருக்கினார்கள். ஆன் அசையவில்லை. அந்த நெருக்கடியின் நடுவில்தான் தாயைப் பார்க்கப் புரூமுக்கு வந்தார். 1616 ஏப்ரல் 2 அன்று, மகள் திரும்பிப் போகும்போது தாய் இந்த இடம்வரை கூடவே வந்து வழியனுப்பினார். அடுத்த மாதமே மார்கரெட் இறந்துபோனார்.

அப்போது மகளுக்கு 26 வயது. நிலம் கைக்கு வந்தது 1643-இல். விடைபெற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1656-இல், 66 வயதில் இங்கே இந்தத் தூணை எழுப்பினார். ஆண்டுதோறும் ஏப்ரல் 2 அன்று இந்த ஊர் ஏழைகளுக்கு நான்கு பவுண்டு பங்கிட்டுத் தர வேண்டும் என்று அறக்கட்டளை வைத்தார். அந்தப் பணத்தை எங்கே வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் கல்வெட்டில் சொல்லியிருக்கிறார்: பக்கத்தில் இருக்கும் கல்மேசையின் மேல்.

அந்த மேசை இன்றும் இருக்கிறது. நான் பெரிதாக ஏதோ எதிர்பார்த்திருந்தேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அவ்வளவுதான். மேற்பரப்பு தேய்ந்து நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. இரவு பெய்த மழை அதில் தேங்கியிருந்தது. விளிம்பில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கற்பாசி. ஒரு லாரி கடந்தபோது தேங்கிய தண்ணீரில் சின்னதாக ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.

மனைவி கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தை, அவளுடைய அம்மா, 2021 மே மாதம் திருநெல்வேலியில் காலமானார்கள். பயணத் தடைக் காலம், எங்களால் போக முடியவில்லை. 2019 டிசம்பரில் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ரயில் நகர நகர ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார்களே, அதுதான் கடைசி. அந்த நாள் என்ன தேதி என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது. நான் ஒன்றும் பேசாமல் சற்றுத் தள்ளி நின்றேன்.

அங்கிருந்து ஆப்பிள்பி. ஏ66 ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகிறது, ஆனால் நாங்கள் இறங்கினோம். ஜூன் தொடக்கத்தில் ஜிப்சிகளும் நாடோடி மக்களும் நாலா திசையிலிருந்தும் வந்து கூடும் குதிரைச் சந்தைக்குப் பேர்போன ஊர் இது. ஈடன் ஆற்றில் இறக்கிக் குதிரைகளைக் குளிப்பாட்டுவார்கள். மார்ச்சில் ஆறு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்துக்குள் தாயும் மகளும் இருக்கிறார்கள். தாயின் கல்லறை மேல் வெண்கல்லில் வடித்த உருவம், தலையில் உலோகத்தாலான சிறு முடி. அதைச் செய்துவைத்தது மகள். தனக்கு அவர் உருவம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சுவரில் வரிசையாகக் குலச் சின்னங்கள் மட்டும், இந்த நிலம் எந்த வழியில் என்னுடையது என்று எழுதிக் காட்டுவதுபோல. தெருவில் கொஞ்சம் ஏறினால் அவர் கட்டிய அறவிடுதி. பன்னிரண்டு கைம்பெண்களுக்கும் அவர்களுக்குத் தலைவியாக ‘அன்னை’ என்று அழைக்கப்படும் ஒருவருக்கும் அங்கே இடம் ஏற்படுத்தினார். தாய்க்குச் செய்ய முடியாமல் போனதை இப்படிச் செய்து தீர்த்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தேவாலயத்தைவிட்டு வெளியே வரும்போது மனைவி காணிக்கைப் பெட்டியில் ஒரு பவுண்டு நாணயங்களாக நான்கு போட்டாள்.

ஆப்பிள்பிக்குப் பிறகு ஓட்டுவது எளிதில்லை. பென்ரித்திலிருந்து ஸ்காட்ச் கார்னர்வரை 50 மைலில் சுமார் 18 மைல் இன்னும் போக ஒன்று, வர ஒன்று என்று ஒற்றைத் தடம்தான். நான்கு வழிச்சாலை திடீரென்று சுருங்கும், மறுபடி விரியும். ஓடுகிற வண்டிகளில் நான்கில் ஒன்று கனரக லாரி. சாலையோரத் தேநீர் வண்டி ஒன்றில் நின்றபோது பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், பனியில் மேலே மூடிவிட்டால் வடக்கே நியூகாசில்-கார்லைல் சாலைக்குப் போய்ச் சுற்ற வேண்டியிருக்கும், ஒரு நாள் கூலி போய்விடும் என்றார். முழுவதையும் நான்கு வழியாக்க 2024-இல் அனுமதி கிடைத்தது, 2025-இல் பணம் தருவதாக அரசு உறுதி சொன்னது. அது வர வேண்டும். இந்தச் சாலையில் உயிர்கள் போயிருக்கின்றன. தூண் நிற்கும் பகுதியும் அகலமாக வேண்டிய பகுதிதான். அந்தக் கல்மேசைக்கு நடந்து போக ஒரு பாதை இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

பிரஃப் என்ற ஊரிலிருந்து சாலை ஸ்டெயின்மூர் மேட்டுக்கு ஏறுகிறது. புரூம், பிரஃப், மலைக்கு அந்தப் பக்கம் போஸ் என மூன்று ஊரிலும் ரோமர்கள் காவல் கோட்டை கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதே இடங்களில், அந்த மண்மேடுகளின் மேலேயே தங்கள் கோட்டைகளை எழுப்பினார்கள். மலையைக் கடக்க இந்த இடைவெளியை விட்டால் இந்தப் பக்கத்தில் வேறு நல்ல வழி இல்லை. யார் ஆண்டாலும் இதைக் காத்தே ஆக வேண்டியிருந்தது. நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்ததும் பெரும்பாலும் அந்த ரோமச் சாலையின் கோட்டின் மேல்தான்.

400 மீட்டர் உயரத்தைத் தாண்டியதும் மரங்கள் நின்றுவிட்டன. பழுப்புப் புல்லும் கரம்பும்தான். மழை ஆலங்கட்டியாக மாறிக் கண்ணாடியில் தெறித்தது. உச்சிக்கு அருகே வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் இறங்கினோம். கார்க் கதவைக் காற்று பிடுங்கிக்கொண்டது. வேலிக்குள் ஒரு முண்டுக்கல். ரே கிராஸ் என்ற சிலுவையில் மிஞ்சியது அதுதான். யார்க் நகரத்தின் கடைசி வைக்கிங் அரசன் எரிக், ‘குருதிக் கோடரி’ என்று பெயர் எடுத்தவன், 954-இல் இந்த மேட்டில்தான் கொல்லப்பட்டான் என்று பழைய வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. அவன் நினைவுக்கல் இது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. 1990-இல் சாலையை அகலப்படுத்தியபோது கல்லைப் பெயர்த்து இங்கே நட்டார்கள். பழைய இடத்தைத் தோண்டிப் பார்த்ததில் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. சுற்றிலும் ரோமப் படை முகாமின் மண்கரை இன்னும் தெரிகிறது. அதன் நடுவே சாலை வெட்டிக்கொண்டு போகிறது.

சாலைக்குத் துணையாக இந்த மேட்டின் மேல் ஒரு ரயிலும் ஓடியது. 1861-இல் திறந்த பாதை. கிழக்கே டரம் பகுதி நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக் என்னும் உலைக்கரி மேற்கே கம்பர்லாந்து உலைகளுக்குப் போனது, அங்கிருந்து இரும்புத்தாது கிழக்கே வந்தது. காலையில் புறப்பட்ட ஊரையும் மாலையில் சேரப்போகும் ஊரையும் சேர்த்துவைத்த பாதை அது. பீலா பள்ளத்தாக்கின் குறுக்கே 60 மீட்டர் உயர இரும்புப் பாலம் கட்டியிருந்தார்கள். 1962-இல் ரயிலை நிறுத்தினார்கள். மறு ஆண்டே பாலத்தைப் பிரித்துவிட்டார்கள். அந்த அவசரத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. அன்று அதன்மேல் போன சரக்கின் இடத்தில்தான் இன்று இத்தனை லாரிகள் ஆலங்கட்டி மழையில் உறுமிக்கொண்டு ஏறுகின்றன.

போஸில் இறங்கியதும் வெயில். ஸ்காட்ச் கார்னரில் ஏ1 சாலையைக் கடந்து, டார்லிங்டனைச் சுற்றி, ஐந்து மணி வாக்கில் மிடில்ஸ்பரோ சேர்ந்தோம். டீஸ் ஆற்றின் மேல் நீல நிறத்தில் நிற்கும் 1911-ஆம் ஆண்டின் டிரான்ஸ்போர்ட்டர் பாலம், வண்டிகளைத் தொங்கும் தொட்டிலில் ஏற்றி அக்கரைக்கு நகர்த்தும் பாலம், 2019 முதல் இயங்கவில்லை. கரையில் நின்று அண்ணாந்து பார்த்தோம். உப்புக் காற்றடித்தது.

காரில் ஏறியதும் மனைவி ஏப்ரல் 2 என்ன கிழமை என்று கேட்டாள். வியாழன். அன்றைக்கு விடுப்புக் கேட்டு இரவே அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன்.