அம்மா முடிந்து வைத்த காசு

பால்குடத்தின் வாயைக் கட்ட மஞ்சள் துணி எடுத்துக்கொண்டேன், நூலை மறந்துவிட்டேன். தைப்பூச விடியற்காலை மூன்று மணி, பினாங்கு லோரோங் கூலிட் பக்கம் எங்கே பார்த்தாலும் உறுமிச் சத்தமும் சாம்பிராணிப் புகையும். அந்த நேரத்தில் நூலுக்கு எங்கே போவது? அண்ணிதான் கொண்டையில் இருந்த ரப்பர் பேண்டை உருவிக் கொடுத்தார். "கட்டும்மா, முருகன் கோவிச்சுக்க மாட்டான்." இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். கறுப்பு ரப்பர் பேண்ட், மஞ்சள் துணி. 48 நாள் விரதமிருந்து இப்படியா என்று மனசு ஒரு நிமிடம் சுருங்கியது.

இந்தப் பால்குடம் நான் வேண்டிக்கொண்டது கிடையாது. அம்மாவுடையது. 2020 கடைசியில் மகனுக்கு டெங்கி. ஒன்பது வயது. ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன இரண்டு நாள் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அம்மா பட்டர்வொர்த் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டையும் பத்துக் காசையும் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். பேரன் பிழைத்து வந்தால் பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம். பிழைத்து வந்தான். அடுத்த மாதமே தைப்பூசம், ஆனால் 2021இல் ஊரே அடைப்பு, காவடியும் இல்லை, ரதமும் இல்லை. "அடுத்த வருசம் எடுத்துக்கலாம்" என்ற அம்மா அந்த வருசம் தீபாவளி வரை இருக்கவில்லை.

அப்புறம் ஒரு வருசம் தீட்டு. அதற்கடுத்து ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அதற்கும் அடுத்து கால் சுளுக்கு. சுளுக்கு உண்மைதான், ஆனால் தைப்பூசத்துக்கு முன்பே சரியாகிவிட்டிருந்தது. போன தீபாவளிக்கு வீட்டை ஒழித்தபோது படத்துக்குப் பின்னால் அந்த முடிச்சு கிடைத்தது. துணி வெளுத்து, முடிச்சு மட்டும் இறுக்கமாக. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இந்த வருசம் எப்படியும் போவதென்று.

மகன்தான் கேட்டான். "பாட்டி வேண்டினதை நீங்க ஏம்மா செய்யணும்? எந்தப் புத்தகத்துல அப்படி இருக்கு?" பள்ளியில் கூட்டாளிகள் இவனிடம் கேட்பார்கள் போல: உங்கள் வேதம் எது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்குப் படிப்பும் குறைவு. ஆனால் எந்த நாளில் மீன் வாங்கக் கூடாது, எந்தச் சாமிக்கு எந்தப் பூ, யார் வேண்டுதலை யார் தீர்க்கலாம் என்பதெல்லாம் அத்துப்படி. அவர் ஒரு புத்தகத்தையும் என்னிடம் தந்ததில்லை. கடனைத்தான் தந்துவிட்டுப் போனார்.

கடன் என்றதும் சிரிப்பு வருகிறது. பினாங்குத் தைப்பூசத்தை இத்தனை பெரிதாக வளர்த்தவர்கள் நகரத்தார், அன்றைக்கு வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டிமார்கள். லாபத்தில் சாமிக்கு மகமை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றக் கணக்குப் பார்ப்பார்களாம். காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலேறி வந்த வெள்ளி ரதம் இன்றைக்கும் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது. முதல் நாள் அதையும் பார்த்தோம். 2017இலிருந்து குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் வருகிறது. வெள்ளியைக் காளைகள் இழுக்க, தங்கத்தை ஜனங்கள் இழுக்கிறார்கள். தெருவெல்லாம் மலைமலையாகத் தேங்காய். உடைத்தவர்களில் பாதிக்கு மேல் சீனர்கள்தான் என்று அடித்துச் சொல்வேன். சட்டை போடாத ஒரு சீனத் தாத்தா ஒவ்வொரு காயையும் நெற்றியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு உடைத்தார். அவரிடம் யாராவது புத்தகம் கேட்டிருப்பார்களா?

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். காலி மனையில் காரை நிறுத்த ஒருவன் முப்பது வெள்ளி வாங்கிக்கொண்டான், ரசீதும் இல்லை, திரும்பி வந்தபோது ஆளும் இல்லை. வழிநெடுகத் தண்ணீர் பந்தல்கள், புண்ணியவான்கள், மோரும் பானகமும் கொடுத்தார்கள். ஆனால் சில பந்தல்களில் நெஞ்சு அதிரும்படி சினிமாப் பாட்டு. பக்கத்தில் அலகு குத்திய பிள்ளை கண்ணை மூடி நிற்கிறான், இங்கே குத்தாட்டம். அம்மா இருந்திருந்தால் நேரே போய் ஒயரைப் பிடுங்கியிருப்பார்.

மலையடிவாரத்துக்கு வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. 2012இல் கும்பாபிஷேகம் நடந்த மேல் கோயிலுக்கு 513 படி. அம்மா இளவயதில் ஏறியது பழைய கோயிலுக்கு, அங்கே படி குறைவு. அவர் வேண்டிக்கொண்டபோது மூட்டுவலிக்காரர், இத்தனை படியை எப்படி ஏறுவதாக நினைத்தாரோ. இருநூறு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை. குடம் தலையில் கனக்கவில்லை, கழுத்தில் கனத்தது. முந்நூறு இருக்கும், கால் நடுங்கி நின்றுவிட்டேன். பின்னால் ஒரே நெருக்கல். மகன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை. உள்ளங்கை ஈரமாக, சூடாக இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இதே கையைப் பிடித்துக்கொண்டு, ஜில்லிட்டுப் போய்விடுமோ என்று இரவெல்லாம் தடவிக்கொண்டிருந்தேன். "போலாமா அம்மா?" என்றான். மீதிப் படி எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தால், நான்கு வருசக் கடன் இரண்டு வினாடியில் முடிந்துவிட்டது. தொண்டூழியப் பிள்ளை குடத்தை வாங்கினான், ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்தான், பெரிய பாத்திரத்தில் ஊற்றினான், காலிக் குடத்தைத் திருப்பிக் கையில் வைத்தான். எது என் பால், எது முன்னால் போனவர் பால்? என் கண்ணெதிரே முருகன் தலையில் ஊற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தவள் நான். பொசுக்கென்று போய்விட்டது. "நகருங்கம்மா, நகருங்க." நகர்ந்தேன். இரண்டு தோள்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி. அதில் அபிஷேகம் தெரிந்தது. முகம் தெரியவில்லை. வேலும், மார்பில் வழிந்து இறங்கும் பாலும் மட்டும். அந்தப் பாலில் எங்கேயோ எங்கள் பாலும் இருந்திருக்கும். அம்மா, பார்த்துக்கோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்புறம் அழுகைதான். என்ன வேண்டிக்கொள்ள வந்தேன், பதவி உயர்வு, வீட்டுக் கடன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிள்ளையைக் கொடுத்தாயே, கொடுத்தாயே என்று இதையே எத்தனை தரம் சொன்னேனோ. பக்கத்தில் நின்ற சீன அம்மா தன் டிசு பாக்கெட்டை முழுசாக என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் போட்டேன். வெளியே வந்தால் ஜார்ஜ்டவுன் கட்டடங்களும் அதற்கப்பால் கடலும். அக்கரையில் பட்டர்வொர்த். எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று மகனுக்குக் காட்டினேன்.

கீழே இறங்கிப் பந்தலில் தயிர்சாதம் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தோம். அண்ணி விரித்த தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. என் ரப்பர் பேண்ட் எங்கம்மா?"

எனக்கு எங்கே நினைவிருக்கிறது? மகன் கையை நீட்டினான். மணிக்கட்டில் மாட்டியிருந்தான்.