ஆறு கொண்டுபோன மட்ச்

2024 ஆகஸ்ட் 29, வியாழன்

நேற்று இரவு கால்பந்தில் இப்ஸ்விச்சைப் பெனால்டியில் கவிழ்த்துவிட்டோம். அவர்கள் முதல் நிலையான பிரீமியர் லீக், நாங்கள், ஏ.எஃப்.சி. விம்பிள்டன், நான்காம் நிலையான லீக் டூ. இங்கிலாந்துக் கழகங்களுக்கான கரபாவோ கோப்பையின் அடுத்த சுற்றில் நியூகாசில். அதுவும் எங்கள் வீட்டில், ப்ளவ் லேன் மைதானத்தில். மகனின் வகுப்பில் எல்லோரும் ஆர்சனல், செல்சி. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொன்னால் "டென்னிஸா?" என்று கேட்கிற பெடியங்கள். இன்றைக்கு அவன் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் விளையாடப் போனான். இந்த வெயிலுக்குள்.

செப்டம்பர் 11, புதன்

ரிக்கற் இரண்டும் கையில். போனில் என்றுதான் சொல்லவேண்டும். மட்ச் நடக்கிற செவ்வாய் இரவு பெற்றோல் ஸ்டேஷனில் எனக்கு வேலை. கூட வேலை செய்கிற அண்ணையிடம் மாற்றிக் கேட்டேன். "ஓம் தம்பி, செய்யலாம். ஆனா எனக்கு ரெண்டு ஞாயிறு தரவேணும்" என்றார். ஒரு செவ்வாய்க்கு இரண்டு ஞாயிறு. வட்டிக்கடைக்காரன் கூட இப்படிக் கேட்கமாட்டான். சரி, நியூகாசில் அல்லவா. தலையை ஆட்டிவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மழை. இடியும் மின்னலுமாக, ஊர் ஐப்பசி மழை மாதிரி. வேலைக்குப் போய்வந்த சப்பாத்து இன்னும் கதவடியில் ஊறிக்கொண்டு கிடக்கிறது. நாளையின்றைக்கு மட்ச். மைதானம் புதிது, வடிகால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று மகனுக்குச் சொன்னேன். எனக்கு அதைப்பற்றி என்ன தெரியும்?

செப்டம்பர் 23, திங்கள்

காலையில் போனைத் திறந்தால் ரசிகர் குழுவில் ஒரே படம், ஏழெட்டுப் பேர் போட்டிருக்கிறார்கள். வாண்டில் ஆறு இரவோடு இரவாகக் கரை தாண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் என்றால் இறைத்துவிடலாம். புல்தரையின் ஒரு பக்கம் அப்படியே கீழே இறங்கிக் கிடக்கிறது. கிடங்குக்கு மேலே பச்சைக் கம்பளத்தை நனைத்து விரித்த மாதிரி. உடையவில்லை, தொய்ந்துபோய் இருக்கிறது. அதுதான் பார்க்க இன்னும் வயிற்றைப் பிசைந்தது. நாளைய ஆட்டம் இல்லை.

பின்னேரம் மனம் கேளாமல் நடந்து போனேன். கொலியர்ஸ் வூட்டிலிருந்து ஆற்றோரப் பாதையால் போனால் தூரமில்லை. என்னைப்போல இன்னும் சிலர் வேலிப்பக்கம் நின்றார்கள். ஒருவரோடொருவர் பெரிதாகக் கதைக்கவில்லை, செத்தவீட்டுப் படலையில் நிற்கிற மாதிரி. ஒரு கிழவர் மட்டும் ஆற்றைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். சனங்கள் ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். நடுவர் என்றால் கத்தலாம். ஆற்றுக்கு என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தான் எனக்கு ஆறு என்றால் வழுக்கையாறுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும், மற்ற நேரம் மாடு மேயும். ஆறில்லாத ஊருக்கு அழகில்லை என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நல்லது ஐயா, அழகில்லாமலே இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வேலையை அண்ணைக்குக் கொடுத்தாயிற்று, திருப்பி வாங்க முடியாது. "நான் பிளான் பண்ணிட்டன் தம்பி" என்றார். வீட்டில் சும்மா இருந்தேன். மகன் சால்வையோடு இருந்து இடியப்பம் சாப்பிட்டான். தாய் கழற்றச் சொன்னதுக்கு, "மட்ச் நேரம் முடியட்டும்" என்றான். நான் வாயே திறக்கவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

மட்ச் அடுத்த செவ்வாய் நடக்குமாம். ஆனால் நியூகாசிலில், செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில்.

தள்ளிவைத்ததுக்கு யாரும் கோபப்படவில்லை. இதுக்குத்தான் குழு எரிகிறது. நியாயம் தெரியாமலில்லை. அடுத்த சுற்று அக்டோபர் கடைசியில், அதற்குள் இந்தக் கிடங்கை மூடிப் புல் பதித்து ஆட முடியாது. நியூகாசில்காரர் 15,000 பவுண்ஸ் நன்கொடையும் கொடுத்திருக்கிறார்கள், நல்ல மனம். எல்லாம் சரி. ஆனால் ஒன்பதாயிரம் பேர் நெருக்கியடித்து நின்று கத்த, பெரிய அணி ஒன்று எங்கள் சின்ன உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வரும் பாருங்கள், அதைப் பார்க்கத்தானே இந்தக் கோப்பை. ஐம்பதாயிரம் பேருக்கு நடுவில் அவர்கள் வீட்டில் போய் ஆடுவது வேறு மட்ச்.

மகனுக்குப் பழைய கதையைச் சொன்னேன். பழைய விம்பிள்டன் 1988இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை தூக்கிய அணி. 1991இல் பழைய ப்ளவ் லேனை விட்டு வெளியேறி அடுத்தவன் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். 2002இல் கழகத்தையே வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் அந்தக் கோடையிலேயே புதுக் கழகம் தொடங்கி, விம்பிள்டன் கொம்மன் புல்வெளியில் ஆள் தேர்வு நடத்தினார்கள். ஒன்பது பருவத்தில் ஐந்து படி ஏறி 2011இல் தொழில்முறை லீக்குக்கு வந்தார்கள். சொந்தத் தெருவுக்குத் திரும்பியது 2020 நவம்பரில்தான், 29 வருடம் கழித்து. அந்த முதல் ஆட்டத்துக்கும் கொரோனாவால் ஒரு ரசிகரும் உள்ளே இல்லை. வெறுங் கதிரைகளுக்கு முன்னால் ஆடினார்கள்.

"அப்ப எங்களுக்கு எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டான். பாவம், பதினொரு வயது.

செப்டம்பர் 28, சனி

போவோமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 280 மைல். மட்ச் முடிந்தால் லண்டனுக்குக் கோச்சி கிடையாது. ரசிகர் பஸ்ஸில் வந்தால் விடியப்புறம், அவனுக்குப் புதன் பள்ளிக்கூடம். எனக்குச் செவ்வாய் வேலை. அண்ணையிடம் இன்னொரு தடவை கேட்டால் மாதம் முழுக்க ஞாயிறு எழுதிக் கொடுக்கவேண்டும். கேட்கவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

கல்லாவுக்குக் கீழே போனை வைத்து வர்ணனை கேட்டேன். ஆள் வந்தால் சத்தத்தைக் குறைப்பது, போனால் கூட்டுவது. முதல் பாதி முடிகிற தறுவாயில் நியூகாசிலுக்குப் பெனால்டி. அவர்கள் வீரர் ஷேர் அடித்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் நாலாம் நம்பர் பம்புக்கும் ஒரு பால் போத்தலுக்கும் காசு கட்ட வந்துவிட்டார். மிச்சக்காசைப் பிழையாகக் கொடுத்துவிட்டேன், அவரே திருப்பித் தந்தார்.

1-0. அவ்வளவுதான். நாலு ஐந்து விழும் என்று பயந்திருந்தேன், விழவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஒரே ஒரு கோல், அதுவும் பெனால்டி. இங்கே ஆடியிருந்தால்? இந்தக் கேள்வியை இன்று இரவு ரூட்டிங்கிலிருந்து மோர்டன் வரைக்கும் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். மகன் விழித்திருந்து செய்தி அனுப்பினான்: "ஒன்றுதானே அப்பா." தூங்கு என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே கடை திறந்தேன். முதல் ஞாயிற்றுக் கடன். பார்க்காத மட்சுக்கு.

மத்தியானம் அண்ணை போன் எடுத்தார். செவ்வாய் வேலை செய்ததுக்காக ஓய்வெடுக்கிறாராம். "அதுசரி தம்பி, மட்ச் எப்படி?" என்றார். மனுசனுக்கு இன்னும் விசயமே தெரியாது. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப அடுத்த ஞாயிறு நீதானே?" என்றார்.